ஆளை அனுப்பிட்டு சிஸ்டத்தை கொண்டு வராதீங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஜேக்கப்ஸ், மொபேனி, பைன்டவுன்னு எந்த இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் போனாலும் இப்ப ஐடி ஆளுங்க வாயில ஒரே பேச்சுதான், 2027. எஸ்ஏபி கம்பெனி அதோட பழைய ஈசிசி சிஸ்டத்துக்கு (கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டற சாஃப்ட்வேர்) குடுக்கற வழக்கமான சப்போர்ட் 2027 டிசம்பரோட முடியுது, கூட காசு கட்டினா 2030 வரைக்கும் இழுக்கலாம், அதுக்குள்ள அவங்களோட புது சிஸ்டமான எஸ்/4 ஹானாவுக்கு போகணும் இல்லன்னா வேற ஏதாவது பாக்கணும். சின்ன கம்பெனிங்க பாஸ்டெல்ங்கற கணக்கு சாஃப்ட்வேர் பத்தலன்னு பெருசா ஒண்ணு தேடுறாங்க, நடுத்தர பேக்டரிங்க சிலது ஜோஹன்னஸ்பர்க்ல 1978ல ஆரம்பிச்ச சிஸ்ப்ரோ சாஃப்ட்வேரை விசாரிக்கறாங்க. எதை வாங்கறது, எந்த பார்ட்னர், க்ளவுடா நம்ம சர்வரா, லைசென்ஸ் எவ்வளவு, இதெல்லாம் மீட்டிங் மேல மீட்டிங் போட்டு பேசுறாங்க. நான் ரொம்ப வருஷமா இதே வேலையில இருக்கேன், சென்னையில ஆரம்பிச்சு இப்ப டர்பன் இருக்கற குவாசுலு-நாட்டால் மாகாணத்துல. அந்த மீட்டிங்ல யாரும் எடுக்காத ஒரு விஷயம் இருக்கு, அதை எழுதத்தான் உக்காந்தேன். இத்தனை வருஷமா அந்த பேக்டரிய ஓட்டினதுல பாதி, அங்க வேலை பாக்கறவங்க தலைக்குள்ளயும் டிராயர்ல கிடக்கற நோட்டுலயும் இருக்கு, புது சிஸ்டம் வர்றதுக்கு முன்னாடியே அது கேட்டைத் தாண்டி வெளிய போயிடுது.

எப்படி போகுதுன்னா இப்படித்தான். இங்க பேக்டரிங்க டிசம்பர் நடுவுல மூடி ஜனவரி ஆரம்பத்துல தொறப்பாங்க, அதனால கோ-லைவ்வ, அதாவது புது சிஸ்டத்தை ஓட விடறதை, அந்த ஷட்டவுன் நேரத்துல வைக்கறது நிறைய பேருக்கு வசதி, ஸ்டாக் எண்ணலாம், லாரி ஓடாது, யாரும் இன்வாய்ஸ் கேக்க மாட்டாங்க. ப்ராஜெக்டுக்கு காசு கேக்கும்போதே போர்டுகிட்ட இவ்வளவு பேர் குறைவாங்கன்னு சொல்லித்தான் அப்ரூவல் வாங்கியிருப்பாங்க. அப்ப என்ன பண்றாங்க, தொழிலாளர் உறவுச் சட்டத்துல ஆள் குறைப்பு பத்தின 189வது பிரிவுல யூனியன்கூட பேச்சு வார்த்தை ஆரம்பிக்கறாங்க, விருப்ப விலகல் பேக்கேஜ் அறிவிக்கறாங்க. சட்டப்படி ஒரு முழு வருஷ சர்வீஸுக்கு குறைஞ்சது ஒரு வார சம்பளம், பேக்கேஜ்ல அதுக்கு மேலயும் குடுப்பாங்க, அப்ப யாரு முதல்ல கை தூக்குவாங்க? இருபத்தஞ்சு முப்பது வருஷம் இருந்தவங்கதான். அவங்களுக்குத்தான் தொகை பெருசு, அவங்களுக்குத்தான் புது ஸ்க்ரீன் கத்துக்க பயம், அவங்ககிட்டத்தான் விஷயமும் இருக்கு. டிசம்பர் கடைசியில அவங்க போயிடறாங்க, ஜனவரியில சிஸ்டம் ஓட ஆரம்பிக்குது, பிப்ரவரியில எல்லாரும் கன்சல்டன்ட்டைத் திட்டறாங்க.

ஒரு மசாலா பேக்டரியில நடந்ததை சொல்றேன், பேர் வேண்டாம். கோ-லைவ் முடிஞ்சு மூச்சு முட்டுதுன்னு சப்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. பிரச்சனை என்னன்னா மாசக் கடைசியில எண்ணிப் பாத்தா மிளகா ஸ்டாக் சிஸ்டத்தோட ஒத்துப் போகல, காரத்துக்குப் போடற தேஜா மிளகா சிஸ்டத்துல ஒரு அளவு நேர்ல வேற அளவு, கலருக்குப் போடற பேடகி மிளகாயும் அதே கதை, ஒண்ணு கூடுது ஒண்ணு குறையுது. ஃபைனான்ஸ்ல ஒருத்தர் திருட்டுன்னு சொல்லிட்டார். ஸ்டோர்ஸ்ல இருந்த மனுஷன் முகத்தை என்னால பாக்க முடியல, அத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பேச்சு கேக்காதவர், சாயங்காலம் கேட்ல பையை தொறந்து காட்டிட்டுப் போறார்.

அந்த சிஸ்டத்துல பேக்ஃப்ளஷ்னு ஒரு செட்டிங் போட்டிருந்தாங்க. அதாவது நூறு கிலோ மசாலா முடிஞ்சதுன்னு ஆபரேட்டர் என்டர் பண்ணினதும் பிஓஎம்ல (எந்தப் பொருள் எவ்வளவு போகணும்னு இருக்கற பட்டியல்) எழுதியிருக்கற அளவை சிஸ்டம் தானா ஸ்டாக்ல இருந்து கழிச்சுக்கும், நிஜமா எவ்வளவு கொட்டினாங்கன்னு யாரும் எழுத வேண்டாம். பாட்டில் மூடிக்கும் அட்டைப் பெட்டிக்கும் அது அருமையான வசதி. மிளகாய்க்கு? இந்தியாவுல இருந்து வர்ற மிளகா கன்டெய்னருக்கு கன்டெய்னர் மாறும், காரம் மாறும், கலர் மாறும், டர்பன் ஈரக்காத்துல கொஞ்ச நாள் கிடந்தா இன்னும் மாறும். பிஓஎம்ல போட்டிருந்தது ப்ரொடக்‌ஷன் மேனேஜர் வொர்க்‌ஷாப்ல (சிஸ்டம் எப்படி இருக்கணும்னு பேசற கூட்டம்) குடுத்த பேப்பர்ல இருந்த அளவு.

கலவை ரூம்ல ஒரு ஆன்ட்டி இருந்தாங்க, டர்பன்ல இந்தியர்கள் நிறைய இருக்கற சாட்ஸ்வர்த்துக்காரங்க, அவங்க ஆயா காலத்துல வீட்ல பேசின தமிழ்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு, மத்தபடி டர்பன் இங்கிலீஷ்தான். நான் போய் நின்னப்போ ஒரு சின்ன ஹாட்ப்ளேட் மேல ஒரு கரண்டி எண்ணெயைக் காய வெச்சு, புதுசா அரைச்ச தூள்ல ஒரு சிட்டிகை போட்டு, கலர் எப்படி இறங்குதுன்னு பாத்துட்டு இருந்தாங்க. இறங்கற வேகத்தைப் பாத்தாங்க, மோந்து பாத்தாங்க, அப்புறம் ஆபரேட்டர் பையன்கிட்ட பேடகி மூணு கிலோ கூட, தேஜா ரெண்டு கிலோ கம்மின்னு சொன்னாங்க. சொல்லிட்டு ஒரு கெட்டி அட்டை நோட்டுல எழுதினாங்க. அந்த நோட்டை வாங்கிப் பாத்தேன். தேதி, கன்டெய்னர் நம்பர், எது எவ்வளவு கூட்டினாங்க குறைச்சாங்க, வரியோட கடைசி கட்டத்துல கடைக்காரங்க யாராவது காரம் ஜாஸ்தின்னோ கலர் வெளுத்துப் போச்சுன்னோ சொல்லியிருந்தா அது. வருஷக்கணக்கா இருக்கு. திருட்டுன்னு சொன்னாங்களே அந்த வித்தியாசத்தை வரிக்கு வரி கூட்டிப் பாத்தா அந்த நோட்டுல இருக்கு, கிட்டத்தட்ட கிலோ கணக்கா ஒத்துப் போச்சு.

ஏன் ஆன்ட்டி இதை வொர்க்‌ஷாப்ல சொல்லலன்னு கேட்டேன். "என்னை யாரு கூப்டாங்க தம்பி"ன்னாங்க. உண்மைதான், கூப்பிடல. வொர்க்‌ஷாப் மேல மாடி போர்ட்ரூம்ல, மேனேஜருங்களுக்கும் சூப்பர்வைசருங்களுக்கும் மட்டும். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க, கூப்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்னு. அவங்க பேரும் அடுத்த பேக்கேஜ் லிஸ்ட்ல இருக்குன்னு ஊருக்கே தெரியும், நோட்டைக் குடுத்துட்டா அப்புறம் தன்னை எதுக்கு வெச்சிருப்பாங்க?

இந்த ஒரு வாக்கியத்தை எல்லா ப்ராஜெக்ட் மேனேஜரும் சுவத்துல ஒட்டி வெச்சுக்கணும்னு நினைக்கறேன். நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்னு சொன்ன உடனே டாக்குமென்ட் சேத்து வைக்கற ஷேர்பாயின்ட் போடலாமா, கான்ஃப்ளுயன்ஸ் வாங்கலாமா, ஸ்க்ரீன் மேலயே வழி காட்டற வாக்மீ போடலாமான்னு பேச்சு போகுது (வாக்மீயை 2024ல எஸ்ஏபியே வாங்கிடுச்சு, அதனால இப்ப அந்தப் பேச்சு இன்னும் ஜாஸ்தி). டூல் எல்லாம் நல்ல டூல்தான், நானும் யூஸ் பண்றேன். ஆனா தெரிஞ்சதை சொன்னா வேலை போகும்னு நினைக்கற ஒரு ஆள் எந்த டூல்லயும் எதையும் எழுத மாட்டார், எழுதினாலும் ட்ரெயினிங் மேனுவல்ல இருக்கற மாதிரி பொதுவா ரெண்டு வரி எழுதிட்டு முக்கியமானதை தன்கிட்டயே வெச்சுக்குவார். அதை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். இந்த நாட்டுல வேலையில்லாத் திண்டாட்டம் எப்படி இருக்குன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஒருத்தர் சம்பளத்துல ஒரு பெரிய வீடே சாப்பிடுது.

அந்த பேக்டரியில கடைசியில என்ன பண்ணாங்கன்னா, ஆன்ட்டிக்கு அடுத்த வருஷ தீபாவளி சீசன் முடியற வரைக்கும் வேலை உண்டுன்னு எழுத்துல குடுத்தாங்க, யூனியன் ஆளும் கையெழுத்து போட்டார். அதுக்கப்புறம் ஒரே வாரத்துல நோட்டு மேஜைக்கு வந்துச்சு. மிளகா ஐட்டங்களுக்கு மட்டும் பேக்ஃப்ளஷ் எடுத்துட்டு நிஜ எடையை பேட்ச் வாரியா எடுத்து எழுதற மாதிரி மாத்தினோம். லேப்ல கலருக்கு ஆஸ்டா அளவும் காரத்துக்கு ஸ்கோவில் அளவும் எப்படியும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க, அது பேப்பர்லயே செத்துட்டு இருந்துச்சு, அதை பேட்ச் விவரத்துல ஏத்தினோம், ரெசிபியில ஒத்தை நம்பருக்கு பதிலா இதுல இருந்து இது வரைக்கும்னு ரேஞ்ச் வந்துச்சு. எண்ணெய்ல போட்டுப் பாக்கறதை வீடியோ எடுத்தோம். ஆனா வீடியோ பாத்து அது வராது, கலர் இறங்கற வேகம்னு அவங்க சொல்றதை நேர்ல பக்கத்துல நின்னு பல கன்டெய்னர் பாத்தாத்தான் புரியும், அதனால ரெண்டு இளவட்டங்களை ஒரு சீசன் முழுக்க அவங்க கூடவே போட்டாங்க. அதுல ஒரு ஜூலு பொண்ணு, ஆன்ட்டி சொல்றதுக்கு முன்னாடியே சரியான அளவை சொல்ல ஆரம்பிச்சிட்டா. ஸ்டோர்ஸ் மனுஷன்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க, எல்லார் முன்னாடியும், அது எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு.

உலகப் பெரிய கம்பெனிக்கும் இதேதான் நடந்திருக்கு. அமெரிக்காவுல ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999 ஜூலைல எஸ்ஏபி ஆர்/3, கூட இன்னும் ரெண்டு சாஃப்ட்வேர், எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட விட்டாங்க, அது அவங்களுக்கு ஹாலோவீன் ஆர்டர் குவியற நேரம். கிட்டத்தட்ட 10 கோடி டாலர் சரக்கை கடைகளுக்கு அனுப்ப முடியல, அந்த காலாண்டு லாபம் 19 சதவீதம் விழுந்துச்சு. சாக்லேட் இல்லாம இல்ல, குடோன்ல இருந்துச்சு. சீசன் நேரத்துல இடம் பத்தலன்னா அங்க இங்க கிடைக்கற இடத்துல எல்லாம் சரக்கை அடுக்கறது அங்க இருந்தவங்களுக்கு வழக்கம், அந்த இடங்கள்ல பலது சிஸ்டத்துல ஸ்டோரேஜ் லொகேஷனா ஏறவே இல்ல, அதனால கண்ணு முன்னாடி இருந்த சரக்கு சிஸ்டம் கணக்குல இல்லாமப் போச்சு. அவசரமா கோ-லைவ் பண்ணது, டைமிங் தப்பு, இதெல்லாம் எல்லாரும் சொல்ற காரணம்தான், ஆனா எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த குடோன்ல வேலை பாத்த யாரையாவது கூப்டு சீசன்ல எங்கெங்க அடுக்குவீங்கன்னு ஒரு சாயங்காலம் கேட்டிருந்தா போதுமேன்னுதான் தோணும்.

பழைய சிஸ்டத்து தகவலை புதுசுக்கு மாத்தற டேட்டா மைக்ரேஷன்லயும் இதே ஓட்டைதான். எக்ஸெல் டெம்ப்ளேட் அனுப்புவாங்க, கஸ்டமர் பேர், அட்ரஸ், வாட் நம்பர், கிரெடிட் லிமிட். இன்னொரு இடத்துல டிஸ்பாட்ச்ல ஒரு பெரியவர், ஜூலுக்காரர், எல்லாரும் பாபான்னு கூப்பிடுவாங்க. வெருலம், டோங்காட் பக்கம் எந்தெந்த கடை வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு பன்னெண்டு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் மூடியிருக்கும், எந்த கடைக்குப் பெரிய லாரி உள்ள போகாது, எந்த கடைக்காரர் பில் காப்பி இல்லாம இறக்க விட மாட்டார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த டெம்ப்ளேட்ல இதுக்கு ஒரு கட்டம் கிடையாது. சிஸ்டத்துல டெலிவரி வாங்கற நேரம்னு கஸ்டமர் மாஸ்டர்ல ஒரு இடம் இருக்கு, யாரும் ஃபில் பண்றதில்ல, ஏன்னா டெம்ப்ளேட் தயார் பண்றவருக்கு டோங்காட் தெரியாது. வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கு மூடின கடை வாசல்ல லாரி நின்னா டிரைவர் ஓவர்டைம், டீசல், கூட வர்ற உதவியாள் சம்பளம், எல்லாம் கம்பெனி தலையில.

விற்பனை கணிப்பு பண்ற மாட்யூல் இன்னொரு கதை. அது போன வருஷம் இதே மாசம் என்ன வித்துச்சுன்னு பாத்து இந்த வருஷத்துக்கு சொல்லும். டர்பன் தமிழங்க புரட்டாசி விரதத்தை எவ்வளவு தீவிரமா பிடிப்பாங்கன்னு ஊர்ல இருக்கறவங்க நம்ப மாட்டாங்க, செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் கறி மீன் கிடையாது, கறி மசாலா விற்பனை படுத்துடும், அதுக்கப்புறம் தீபாவளி. தீபாவளி ஒரு வருஷம் அக்டோபர்ல வரும், ஒரு வருஷம் நவம்பர்ல. ரமலான் வருஷா வருஷம் பத்து பதினோரு நாள் முன்னாடி வந்துட்டே இருக்கும். இங்க மசாலா சேல்ஸ்ல பழம் தின்னு கொட்டை போட்டவங்க காலண்டரைப் பாத்துட்டு விரல் விட்டு சொல்லிடுவாங்க எப்ப எவ்வளவு அரைக்கணும்னு. மெஷினுக்கு அதை ஈவென்ட் காலண்டரா ஊட்டலாம், எல்லா பெரிய சாஃப்ட்வேர்லயும் அந்த வசதி இருக்கு, ஆனா ஊட்டறதுக்கு அந்த சேல்ஸ் ஆள் இன்னும் கம்பெனியில இருக்கணுமே.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். பழையவங்க சொல்ற எல்லாத்தையும் அப்படியே புது சிஸ்டத்துல ஏத்தினா ப்ராஜெக்ட் மூழ்கிடும். ஜெர்மனியில லிடில் சூப்பர்மார்க்கெட் 2011ல ஆரம்பிச்ச எஸ்ஏபி ப்ராஜெக்டை 2018ல கைவிட்டாங்க, சுமார் 50 கோடி யூரோ போச்சுன்னு செய்தி வந்துச்சு. அதுல பேசப்பட்ட ஒரு காரணம், சரக்கோட மதிப்பை அவங்க வாங்கின விலையில கணக்கு வெச்சுப் பழகினவங்க, அந்த சாஃப்ட்வேர் விற்பனை விலையை அடிப்படையா வெச்சது, அவங்க தங்களோட வழக்கத்தை மாத்திக்காம சாஃப்ட்வேரை மாத்தப் போனாங்க. அப்ப எதை ஏத்தறது எதை விடறது? நான் ஒரு கேள்விதான் கேப்பேன்: இதுக்கு காரணம் கம்பெனிக்கு வெளிய இருக்கா உள்ள இருக்கா? மிளகா மாறுது, கடைக்காரர் தொழுகைக்குப் போறார், புரட்டாசி வருது, 2018 ஏப்ரல்ல வாட் 14ல இருந்து 15 ஆச்சு, இதெல்லாம் வெளிய இருக்கறது, நாம மாத்த முடியாது, சிஸ்டத்துல அதுக்கு எடம் குடுத்தே ஆகணும். ஒரு பர்ச்சேஸ் ஆர்டருக்கு அஞ்சு பேர் கையெழுத்து போடறது, ஏன்னா எப்பவோ ஒரு மேனேஜருக்கு இன்னொருத்தர் மேல நம்பிக்கை இல்ல, அது உள்ள இருக்கறது, அதை விட்டுடலாம். எல்லா கேஸுக்கும் இது பொருந்தாது, ஆனா முக்கால்வாசி சண்டை இதுல தீந்துடும்.

கன்சல்டன்ட் பக்கம் இருக்கற ஓட்டையையும் மறைக்கக் கூடாது. ப்ளூபிரிண்ட் டாக்குமென்ட் நூத்துக்கணக்கான பக்கம் எழுதறோம், அதுல என்ன செட்டிங் போட்டோம்னு இருக்கும், ஏன் போட்டோம்னு இருக்காது, எதை யோசிச்சு வேண்டாம்னு விட்டோம்னு சுத்தமா இருக்காது. பத்து வருஷம் கழிச்சு அடுத்த மைக்ரேஷன்ல, கம்பெனிக்குன்னு தனியா எழுதின இசட் ப்ரோகிராம் மூட்டை மூட்டையா கிடக்கும், எழுதினவன் இப்ப மெல்போர்ன்லயோ டொரான்டோவிலயோ, அழிச்சா என்ன உடையும்னு பயந்து யாரும் கை வைக்க மாட்டாங்க. அதனால நான் ஒரு சாதாரண எக்ஸெல் ஷீட் வெச்சு ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி எழுத வைக்கறேன், யார் கேட்டாங்க, என்ன வழி எல்லாம் இருந்துச்சு, எதை எடுத்தோம், ஏன், யார் சரின்னு சொன்னாங்க. தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம். கடைசி ரெண்டு வாரம் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்னு காலண்டர்ல ஒரு கட்டம் போட்டு வெச்சுட்டு அதுல எல்லாத்தையும் கொட்டறேன்னு சொல்றதை நான் இப்ப ஒத்துக்கறதே இல்ல, அந்த ரெண்டு வாரம் டெஸ்டிங் பிழை திருத்தத்துலயே போயிடும்.

காசு எங்க இருந்து வரும்னு கேப்பாங்க. ஐஎஸ்ஓ 9001 தர சர்டிபிகேட் வெச்சிருக்கற கம்பெனியா இருந்தா ஒரு வழி இருக்கு, 2015 பதிப்புல 7.1.6னு ஒரு பிரிவு சேத்தாங்க, நிறுவனம் தன் வேலைக்குத் தேவையான அறிவு எதுன்னு கண்டுபிடிச்சு காப்பாத்தி வெச்சிருக்கணும், மாற்றம் வரும்போது என்ன அறிவு குறையுதுன்னு பாக்கணும்னு தெளிவா கேக்குது. குவாலிட்டி மேனேஜரைக் கூட்டணி சேத்துக்கிட்டா பட்ஜெட்ல ஒரு வரி வாங்கிடலாம். அந்தக் காசுல முதல் செலவு, கீ யூசரா (தன் டிபார்ட்மென்ட் சார்பா ப்ராஜெக்ட்ல உக்கார்றவர்) போடற ஆளோட பழைய வேலையைப் பாக்க தற்காலிகமா ஒருத்தரை எடுக்கறது. பகல்ல பேக்டரி வேலை, ராத்திரி டெஸ்டிங்னு ஒருத்தரைப் பிழிஞ்சா அவர் என்னத்தைச் சொல்லுவார்? பேட்டி எடுக்கறதை ஐசிஜூலு (ஜூலு மொழி) பேசற உள்ளூர் ஆள்கிட்ட குடுங்க, ஃப்ளோர்ல நின்னு குடுங்க, வேலை நேரத்துலயே குடுங்க. இன்னொண்ணு, நிறைய விஷயம் வாட்ஸ்அப் க்ரூப்ல வாய்ஸ் நோட்டா கிடக்கு, அதை எடுத்து எழுதறது நல்லதுதான், ஆனா அதுல கஸ்டமர் நம்பர், ஆளுங்க சொந்த விஷயம் எல்லாம் கலந்திருக்கும், 2021 ஜூலைல இருந்து போபியாங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுசா அமல்ல இருக்கு, கேட்டுட்டு எடுங்க.

அதே 2021 ஜூலைலதான் துறைமுகம், ரயில் நடத்தற அரசு கம்பெனி டிரான்ஸ்நெட் மேல சைபர் தாக்குதல் நடந்து டர்பன் துறைமுக கன்டெய்னர் டெர்மினல்ல சிஸ்டம் படுத்து, கையால எழுதி வேலை ஓட்ட வேண்டி வந்துச்சு. லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) உச்சத்துல இருந்த 2023ல எத்தனை பேக்டரியில டெலிவரி நோட் புக்கை தூசி தட்டி எடுத்தாங்க. சிஸ்டம் இல்லாம ஒரு நாள் எப்படி ஓட்டறதுன்னு தெரிஞ்சவங்களையும் சேத்துத்தான் கணக்குப் போடணும்.

இப்பல்லாம் யாராவது ப்ராஜெக்டுக்கு கூப்டா, சாஃப்ட்வேர் பத்திப் பேசறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட ஒரு லிஸ்ட் கேக்கறேன், அடுத்த ரெண்டு வருஷத்துல ஓய்வு பெறப் போறவங்க யாரு, பேக்கேஜுக்கு கை தூக்கக் கூடியவங்க யாரு. அந்த லிஸ்ட்ல இருக்கறவங்களோட கடைசி தேதியை கோ-லைவ் முடிஞ்சு முதல் வருஷக் கணக்கு முடியற வரைக்கும் தள்ளி வைக்க முடியுமான்னு கேக்கறேன், அதை லெட்டர்ல குடுக்க முடியுமான்னு கேக்கறேன். சம்பளச் செலவு கூடும்னு உடனே சொல்லுவாங்க. போன மாசம் ஒரு ஃபைனான்ஸ் டைரக்டர் அப்படித்தான் சொன்னார், நான் அந்த மசாலா பேக்டரி மாசாமாசம் ஸ்டாக் வித்தியாசத்துல எழுதித் தள்ளின தொகைக்கும் ஆன்ட்டியோட ஒரு வருஷ சம்பளத்துக்கும் உள்ள கணக்கைப் பேர் சொல்லாம போட்டுக் காட்டினேன். லெட்டர் டைப் ஆகிட்டு இருக்கு, ஏழு பேருக்கு.